கொல்லிமலையில் மூன்று நாள்கள்

நம்மவர்க்கு இக்காலத்தில் ஊர் சுற்றும் ஆவல் மிகுந்துவிட்டது. அதைக் குறை கூறும் நோக்கம் நமக்கில்லை. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன குடும்பத்தாரின் பிள்ளைகள் இன்று விமானமேறி, உஸ்பெக் நாட்டுத் தலைநகராகிய தாஷ்கண்டு வரையிலும் போய் வருகின்றனர். அந்நகரில் நீலக் கவிகை மாடத்தின் கீழ்க் கூடும் சோர்சு சந்தை உண்டு. மிகப் பழைய குர்ஆன் ஏடு ஒன்றைப் போற்றிக் காக்கும் மண்டபம் உண்டு. 1966-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் எழுந்த வீதிகள் உண்டு. அதே ஆண்டு சனவரித் திங்களில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியார் உயிர் நீத்த நகரமும் அதுவே. காணத்தக்க நகர்தான். ஆயினும், நாமக்கல்லிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடியதும், சங்கப் புலவர் பலர் பாடியதுமான மலையொன்றை நம் பங்கில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, ஒரு கையின் விரல்களே மிஞ்சின. ஆகவே மூவரசர் திருநாள் கழிந்த வாரத்தில், இளைஞர் நால்வரையும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்பட்டோம்.

சேந்தமங்கலம் கடந்து காரவள்ளி என்னும் அடிவாரச் சிற்றூரை அடைந்ததும் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே சோளக்காடு வரையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிற்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முதற் பத்து வளைவுகளில் இளைஞர்கள் எண்களை உரக்கப் படித்தனர்; முப்பதைத் தாண்டியபின் படிப்போர் எவருமில்லை. ஒருவர் சன்னலோரம் இடம் கேட்டார். மற்றொருவர் எலுமிச்சம்பழம் கேட்டார். தமிழாசிரியர் ஒருவர்மட்டும் கண்களை மூடியபடி ஓரியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதை ஏற ஏற வெயிலின் கடுமை குறைந்து, மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் தோன்றலாயின. மலையுச்சி என்று நாம் நினைத்தது உச்சியே அன்று. ஏறி முடித்ததும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வயலும் ஊரும் ஓடையுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கிறது.

நாடு என்பதை நாம் அணியாகச் சொல்லவில்லை. இம்மலையில் ஊர்த்தொகுதிகளுக்கு நாடு என்பதே பெயர். வாழவந்தி நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு என ஊராட்சிகள் 14-ம் இப்பெயரையே தாங்கி நிற்கின்றன. சோழ மண்டலத்தில் கல்வெட்டுகளில்மட்டும் தங்கிவிட்ட அச்சொல் இங்கே பேருந்தின் பெயர்ப்பலகையில் உயிரோடிருக்கிறது. குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்றே தம் பெயருக்குப் பொருள் கூறுகின்றனர். பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்து மலைக்கொருவராகக் குடியேறினர் என்பது இவர்கள் மரபு. எந்த மலை எவருக்கு வாய்த்தது என்பதில் ஊருக்கு ஊர் கதை சற்று மாறும்.

செம்மேட்டில் வில்லும் கையுமாகக் குதிரைமீது அமர்ந்திருக்கிறான் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவன், ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு பேசுகிறது. தான் இன்னான் என்று பெயர் சொல்லாமலே வேட்டையாடிய இறைச்சியைப் பாணர்க்குக் கொடுத்தனுப்பினான் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்தார். அவ்வளவு வல்லவனும் திருமுடிக்காரியின் கையால் மடிந்தான். மலை சேரனுக்குப் போயிற்று. ஆடித் திங்கள் 17, 18 நாள்களில் இன்றும் ஓரிக்கு அரசு விழா நடைபெறுகிறது. கொன்றவனுக்கு விழா எடுப்பார் இம்மலையில் இல்லை என்பதை ஆசிரியர் மிகுந்த நிறைவோடு சுட்டிக்காட்டினார்.

அன்று பிற்பகல் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரை அடைந்தோம். அறப்பளீசுவரர் கோயில் இங்குள்ளது. தேவாரத்தில் பெயர் சுட்டப்பெறும் தலம் இது. இவ்விறைவனை முன்னிறுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தை நம் தலைமுறையினர் திண்ணைப் பள்ளியிலோ பாட்டனார் வாயிலாகவோ சிறிதேனும் கேட்டிருப்போம். கோயில் பெரியதன்று, தஞ்சையையும் மதுரையையும் மனத்திற்கொண்டு வருவோர் ஏமாறக்கூடும். ஆனால் அருகில் ஓடும் ஐயாற்றில் மீன்களைப் பிடிப்பதில்லை என்னும் வழக்கம் நம்மைக் கவர்ந்தது. முன்னொரு நாள் ஒருவன் மீனை அறுத்துக் குழம்பு வைக்க, துண்டான மீன்கள் பொருந்தி மீண்டும் நீருக்குள் துள்ளின என்பது கதை. கதை எதுவாயினும், மனிதர் கைக்கு அஞ்சாத மீன்களை நாம் கண்டது அங்கேதான். இளைஞருள் ஒருவர் பொரியை நீட்ட, அவை விரலையே கவ்வ வந்தன.

கோயிலை அடுத்து ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை வாசக அன்பர்கள் அறிந்துகொள்வது நலம். கீழே ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து நேர்க்குத்தாக விழுகிறது. தூவானம் முப்பது அடி தொலைவிலேயே ஆடையை நனைத்துவிடும். அந்நீர் காட்டுக்குள் புகுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துச் சமவெளியில் இறங்குகிறது. அருவியைப் பற்றி இதற்குமேல் எழுதுவது வீண். அது காணுதற்கு உரியதேயன்றிப் படித்தற்கு உரியதன்று.

ஏறி வரும்போது கண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதாதிருக்க முடியவில்லை. படிக்கட்டின் தலைப்பில் விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். நகரத்திலிருந்து வந்த கூட்டத்தினர் அவரை நிறுத்திப் படம் பிடிக்க முனைந்தனர். அம்மூதாட்டி, "செத்த இருங்க" என்று சொல்லிச் சுமையை இறக்கி வைத்து, முந்தானையைச் சீர் செய்து, கலைந்த மயிரை ஒதுக்கி, நிமிர்ந்து நின்றார். "சுமையோட நில்லு பாட்டி, அப்பத்தான் நல்லா இருக்கும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். மூதாட்டி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு சுமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டார்.

மறுநாள் காலை சோளக்காட்டுச் சந்தையையும், அதனருகே சீக்குப்பாறையில் அமைந்த காட்சிமுனையையும் பார்த்தோம். மூடுபனி கலையும்வரை காட்சிமுனையில் காட்சி எதுவும் இல்லை. சந்தையிலோ மலைவாழைத் தார்களும், பச்சை மிளகும், காப்பிக் கொட்டையும், தேனும் குவிந்திருந்தன. பலா இம்மலைக்குப் பேர்பெற்றது. கோடையில் வருவோர்க்கே அது வாய்க்கும். மாசிலா அருவி, நம்மருவி, வாசலூர்ப்பட்டிப் படகுத்துறை ஆகியவற்றை இளைஞர்கள் தாமே சென்று கண்டுவந்தனர். கொல்லிப்பாவை எனப்படும் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு ஆசிரியர் சென்றார். சிரித்தே மயக்கிக் கொல்லும் பாவை என்று மரபு கூறும் அப்படிமத்தின் பெயராலேயே மலைக்குக் கொல்லி என்று பெயர் வந்தது என்பது பலர் கொள்கை. நாம் சென்றது வாழவந்திக்கு.

கொல்லும் மலை என்னும் பெயர் பாவையால் வந்திருப்பினும், உண்மையில் இங்கே கொன்றது காய்ச்சல். கொசு செறிந்த இம்மலைக்குச் சமவெளியார் அஞ்சிய காலத்தில், 1907-ல் இந்தியாவுக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் இங்கே குடியேறினார். 1913-ல் அவரை மணந்து மலையேறிய ஈவ்லின் அம்மையார் இலண்டனில் செல்வக் குடியில் பிறந்தவர். இவர்கள் நம் திருச்சபையினர் அல்லர், பாப்டிஸ்டு சபையினர். அதனால் இவர்கள் வரலாறு நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படவில்லை போலும்.

அக்காலத்தில் மலைமக்களை வாட்டிய பிணிகளுள் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிநீரோடு உட்செல்லும் நுண்ணிய கிருமி, உடலுக்குள் முழக்கணக்கில் புழுவாக வளர்ந்து, காலில் கொப்புளமாக வெடித்து வெளிவரும். எரிச்சல் தாங்காது நோயாளி படிக்கிணற்றில் காலை நனைப்பார்; புழு அந்நீரில் குஞ்சுகளை உமிழும்; அந்நீரையே ஊர் குடிக்கும். வெளியே தலைநீட்டும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்கொரு விரற்கடையாக இழுத்தெடுக்க வேண்டும். அறுந்தால் கால் அழுகும். பிராண்டு அப்படி இழுத்தெடுத்ததோடு நில்லாமல், கிணற்றுக்குள் கால் வைக்காதபடி சுவர் எழுப்பவும் மக்களுக்குக் கற்பித்தார். (இந்நோய் 1996-க்குப் பின் இந்தியாவில் எவருக்கும் கண்டதில்லை, 2000-ல் நம் நாடு இதினின்று விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.) தச்சு, ஓடு சுடுதல், பயிர்த்தொழில், பள்ளி என அவர் கை வைக்காத வேலை இல்லை. 1918-19-ல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலைக்கும் வந்தபோது, கணவனும் மனைவியுமாகக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊட்டினர். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவரே சாகுந்தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்.

1929-ஆம் ஆண்டு சூனில், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸி பிராண்டைக் கொண்டுபோயிற்று. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு வயது பதினான்கு. 1914-ல் பிறந்த அப்பிள்ளைதான் பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தி உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை; வலி உணர்வு அற்றுப்போவதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் அழிகின்றன என்று நிறுவியவர் அவர். வலி ஒரு கொடை என்று எழுதியவரும் அவரே. 2003-ல் மறைந்தார்.

ஆயினும் நாம் நெடுநேரம் நின்றது அன்னையின் கல்லறையருகே. வயதாகிவிட்டது என்று சொல்லிச் சபையார் மலைக்கு அனுப்பத் தயங்கியதால், ஓய்வு பெறும்வரை பொறுத்திருந்து, எழுபதை எட்டும் வயதில் தம் சொந்தப் பொறுப்பில் மலையேறினார் ஈவ்லின் அம்மையார். கொல்லிமலை ஒன்றே அன்றிப் பச்சைமலை, கல்வராயன் மலை எனச் சுற்றியுள்ள மலைகளிலும் மட்டக்குதிரையின்மேலும், இரு கைகளில் மூங்கிற் கழிகளை ஊன்றியும் திரிந்து, மருந்து கொடுத்தார். கடைசி இருபது ஆண்டுகள் தம் இருப்பிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-ல், 95-ஆம் வயதில் இறந்து, கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். இளைஞர்கள் படகுத்துறையிலிருந்து திரும்பி வந்து, நாங்கள் நின்ற இடத்தில் தாங்களும் நின்றார்கள். எவரும் கேட்காமலே அவர்களுள் ஒருவர் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் தேவனூர் நாடு. சுற்றுலாத் துண்டறிக்கையில் இப்பெயர் வருவதில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று எதுவும் அங்கே இல்லையாம். நாம் சென்றதற்குக் காரணம் வேறு. அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இளைஞன் நம் பங்கின் எல்லையிலுள்ள விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறான். நாம் மலைக்குப் போவதறிந்து அறைக்கு வந்து, "சாமி, எங்கப்பாவைப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லணும். மேட்டுக்காட்டுல இந்த வருசமும் சாமை போட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். முச்சூடும் குச்சிக்கிழங்கு போடச் சொல்லுங்க. யாவாரி முன்பணம் தர்றேங்குறார். தங்கச்சி கலியாணத்துக்கு ஆகும். நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொன்னாக் கேப்பார்" என்றான்.

குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளி. சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் அதை எவ்வளவு வந்தாலும் விழுங்கும். மாவுச்சத்தை அளந்து, இத்தனை 'பாயிண்டு' என்று விலை போடுவார்கள். நட்டுவிட்டால் பத்துத் திங்களில் கைநிறையப் பணம். சாமைக்கோ சந்தையில் அவ்வளவு மதிப்பில்லை. குத்திப் புடைத்துத் தின்பதற்கே ஆகும். ஆகவே இம்மலைச் சரிவுகளில் சாமையும் தினையும் பனிவரகும் ஆண்டுதோறும் சுருங்கி வந்திருக்கின்றன. பையன் கேட்டதில் பிழையில்லை என்றே நமக்குத் தோன்றிற்று.

அப்பெரியவரின் வீடு ஓடை தாண்டிய மேட்டில் இருந்தது. மண்சுவர், முன்னால் சாணமிட்டு மெழுகிய திண்ணை. "வாங்க சாமி, வாங்க" என்று சொல்லிப் பாயை உதறி விரித்தார். சாமைச் சோறும் அவரைக் கொழம்பும் கிடைத்தன. அரிசிச் சோற்றைவிட வயிற்றில் நெடுநேரம் நிற்கும் சோறு அது. உண்டபின் மகன் சொல்லியனுப்பியதைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. "காட்டைப் பாத்துட்டு வரலாம் சாமி" என்று எழுந்தார்.

பள்ளத்தில் படிப்படியாக நெல் வயல்கள். ஒவ்வொரு படியின் விளிம்பையும் கல்லும் புல்லுமாகக் கட்டியிருந்தனர். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்குத் தண்ணீர் தெளிவாக வழிந்துகொண்டிருந்தது. இதைக் கண்டதும் பால் பிராண்டு தம் சிறுவயது பற்றி எழுதிய கட்டுரை ஒன்று நினைவுக்கு வந்தது. வயலில் இறங்கித் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கிய சிறுவர் கூட்டத்தைக் கண்டு ஒரு கிழவர் வந்தாராம். அவர் அடிக்கவில்லை. கலங்கி வழிந்த நீரைக் கையில் அள்ளி, அடியில் தங்கிய மண்ணைக் காட்டி, இது ஒருமுறை ஆற்றுக்குப் போய்விட்டால் ஒருநாளும் மலைக்குத் திரும்பி ஏறி வராது என்று சொல்லிச் சென்றாராம். ஒரு பிடிச் சேறு என்னும் பொருளில் அக்கட்டுரைக்குப் பெயரிட்டார் டாக்டர்.

இதை நம் பெரியவரிடம் சொன்னோம். "அந்தத் தாத்தா எந்த ஊருங்க சாமி?" என்று அக்கறையோடு கேட்டார். பிறகு மேட்டுக்காட்டைக் காட்டினார். நடுவே ஒரு வரப்பு. வரப்புக்கு இப்பால் அவருடைய சாமைத்தாள். மண் இருண்டு கிடந்தது. அப்பால் பங்காளியின் காடு. ஆறேழு ஆண்டுகளாக ஓயாமல் மரவள்ளி. கிழங்கைப் பிடுங்கும்போது மண் முழுதும் கிளறப்படுகிறது. அடுத்து வரும் மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. அங்கே சிறு சிறு கற்கள் வெளியே தெரிந்தன. "போன தலைமுறையில இந்தக் கல்லெல்லாம் கண்ணுக்குத் தெரியாது சாமி. இப்ப உரம் போட்டாத்தான் எதுவும் வருது. எம்மவன் சொல்றது கணக்குப்படி சரிதான். கலியாணமும் ஆகணுமில்ல" என்றார்.

திரும்பி வந்தபோது அவர் மனைவி அடுப்படியிலிருந்தே பேசினார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இவரு வெதைக்கிறேன் வெதைக்கிறேன்னு சொல்லுவாரு சாமி. சாமையைக் குத்துறது யாரு? ரெண்டு படிக்கு விடியக்காலம் ஒலக்கையைப் புடிச்சா வெயிலேறிரும். எங்கம்மா குத்தினாங்க, நான் குத்தினேன். எம்மவளக் குத்தச் சொன்னா அவ கீழ்நாட்டு மில்லுக்கே போயிருவா." நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. சிறுதானியத்தின் பெருமையைப் பேசுவோர் பலர். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டென்று ஐக்கிய நாடுகள் அவையும் அறிவித்தது. ஆனால் உலக்கை பிடித்த கையின் வரலாற்றைப் பேசினாரில்லை. சென்னையிலுள்ள சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் பாரம்பரிய விதைகளைத் திரட்டிக் காத்ததோடு, உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் மகளிர் குழுக்களுக்கு அளித்தனர். அறிஞர் செய்த உதவிகளில் அதுவே அறிவான உதவி என்று நமக்குத் தோன்றிற்று. அப்படி ஒன்று இப்போது அடுத்த பட்டியில் ஓடுகிறதாம். சுமந்து போய்வர வேண்டும், அவ்வளவே. "அது வந்ததால இந்த வருசம் கொஞ்சம் தேவலை" என்று அம்மையார் ஒப்புக்கொண்டார்.

மாலை பேருந்துக்கு நேரமாயிற்று. மகனுக்கு என்ன சொல்லட்டும் என்று பெரியவரிடம் கேட்டோம். அவர் மனைவியைப் பார்த்தார். அம்மையார் உள்ளே போய், வாய் கட்டிச் சாணமும் மண்ணும் பூசிய இரண்டு கலயங்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். ஒன்றில் பெருஞ்சாமை, மற்றொன்றில் மல்லியச்சாமை. விதைக்கென்று வைத்தவை. முறத்தில் கொட்டி, விரலால் நடுவே கோடு கிழித்து, ஒரு பாதியைக் கலயத்திலேயே திரும்பப் போட்டு வாயைக் கட்டினார்.

"மேக்காட்டுல கீழ்ப்பாதி, தண்ணி நிக்கிற எடம், அங்க கெழங்கு போடட்டும். கலியாணத்துக்கு அது போதும், மிச்சத்துக்கு என் காதுல இருக்குறது இருக்குது. சரிவுல சாமைதான். இப்படிச் சொல்லிருங்க சாமி" என்றவர், முறத்தில் மீந்த சாமையில் இரண்டு படி அளந்து துணியில் முடிந்து நம் கையில் கொடுத்தார். ஒரு படி மகனுக்கு, ஒரு படி நமக்கு. மகனுடையதைக் குத்திக் கொடுக்கவில்லை, முழுச்சாமையாகவே இருந்தது.

"அவன் தறிக்கூடத்துல குத்த முடியாதே அம்மா" என்றோம்.

"ஆக்கித் திங்குறதுக்கு இல்லீங்க சாமி," என்றார். "அவன் பெட்டியில இருக்கட்டும்."